யார் வேலையை யார் பறித்தது?

லங்காஷயரில் மூடிய ஆலை, சாவரில் இடிந்த கட்டடம், திருப்பூரில் குறைந்த ஷிப்ட்... ஒரு சட்டைக்காக எதிரெதிரே நிறுத்தப்பட்டிருக்கும் உழைப்பாளிகளின் கதை

1931, செப்டம்பர் 26. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் டார்வென் என்ற நெசவாலை ஊர். கிரீன்ஃபீல்டு மில்லில் பெண் தொழிலாளர்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். நடுவே சால்வை போர்த்திய காந்தி. பெண்கள் கைகளை உயர்த்தி ஆரவாரம் செய்கிறார்கள். அவர் முகமெல்லாம் சிரிப்பு. அன்று எடுத்த புகைப்படம் இன்றும் உலகம் முழுக்க அச்சாகிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பெண்கள் அவர்மீது ஆத்திரப்பட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. உலகப் பொருளாதார மந்தமும் ஜப்பானியத் துணியின் போட்டியும் சாய்த்துப்போட்டிருந்த ஊர் அது. மிச்சமிருந்த தறிகளில் பலவற்றையும் இந்தியாவின் அந்நியத் துணிப் புறக்கணிப்பு நிறுத்தியது. வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டன் வந்திருந்த காந்தி, வேலையிழந்தவர்களை நேரில் பார்க்கத்தான் லங்காஷயர் போனார். அவர்கள் கஷ்டத்துக்கு வருத்தம் தெரிவித்தார். புறக்கணிப்பைக் கைவிடுவதாகச் சொல்லவில்லை. உங்கள் நாட்டில் வேலையில்லாதோர் முப்பது லட்சம். எங்கள் நாட்டில் ஆண்டில் பாதி நாள் வேலையில்லாமல் கிடப்போர் முப்பது கோடி என்று கணக்கை எடுத்து வைத்தார். கேட்டவர்கள் அவரை விரட்டவில்லை, அன்போடு வழியனுப்பினார்கள்.

2025 ஆகஸ்ட் 27. இந்தியப் பொருள்கள்மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவீதமாக உயர்ந்த நாள். வெளிநாட்டார் பறித்துக்கொண்ட வேலையை அமெரிக்கத் தொழிலாளிக்கு மீட்டுத் தருகிறோம் என்பதுதான் வரிக் கொள்கைக்கு அங்கே சொல்லப்பட்ட நியாயம். ஆனால் அந்த 50-ல் பாதி, இந்தியா ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை. எண்ணெய்க் கப்பலைக் கண்ணால்கூடக் காணாத திருப்பூர் டெய்லருக்கு அந்தத் தண்டனை வந்து சேர்ந்தது.

உண்மையில் யார் வேலையை யார் பறித்தது? இருநூறு ஆண்டுகளாகத் துணித் தொழிலாளர்களிடம் கேட்கப்படும் கேள்வி இது. அடுத்த நாட்டுத் தொழிலாளிதான் என்று இதற்குச் சொல்லப்பட்டுவரும் பதில் தவறு. ஒரு நாட்டுத் தொழிலாளி இழந்த கூலி, அடுத்த நாட்டுத் தொழிலாளியின் வீட்டுக்கு ஒருபோதும் முழுதாகப் போய்ச் சேர்ந்ததில்லை.

பருத்தியால் எழுந்த பேரரசு

இந்தியத் துணிக்கு ஐரோப்பாவே மயங்கிக் கிடந்த காலம் ஒன்று உண்டு. 1700-லும் 1721-லும் சட்டம் போட்டு இந்தியப் பருத்தித் துணியைத் தடுத்தது இங்கிலாந்து. அந்தப் பாதுகாப்பில் வளர்ந்த லங்காஷயரின் மான்செஸ்டர் நகரம், இந்தியாவை ஆளும் அதிகாரம் இங்கிலாந்தின் கைக்கு வந்ததும் தன் துணியை இந்தியச் சந்தையில் கொண்டுவந்து குவித்தது. பிற்பாடு இந்தியர்கள் ஆலை கட்டியபோது, 1896 முதல் இந்திய ஆலைத் துணிக்கே 3.5 சதவீத உற்பத்தி வரி போட்டது பிரிட்டிஷ் இந்திய அரசு. லங்காஷயர் துணிக்கு இந்தியத் துணி போட்டியாகிவிடக் கூடாது என்பதே நோக்கம். 1913-ல் பிரிட்டன் ஏற்றுமதி செய்த பருத்தித் துணி சுமார் 700 கோடி கஜம். அதில் ஏறக்குறைய 300 கோடி கஜம் இந்தியாவுக்கு வந்தது.

இவ்வளவு பெரிய கொள்ளையில் லங்காஷயர் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? ஒன்பது வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் துணி ஆலைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1833-ல் சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், அதற்குமுன் அந்த ஆலைகள் எப்படி ஓடின என்று புரிந்துகொள்ளலாம். 1819-ல் மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுத் திரண்ட கூட்டத்தில் நெசவாளிகள் நிறைய இருந்தார்கள். அவர்கள்மீது குதிரைப்படையை ஏவியது அரசு. பீட்டர்லூ என்று வரலாறு குறித்துவைத்திருக்கும் படுகொலை அது.

அதே மான்செஸ்டர் தொழிலாளர்கள் 1862 டிசம்பர் 31 அன்று செய்த காரியத்தை மறக்கக் கூடாது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் அடிமைகள் விளைவித்த பருத்தி வருவது நின்று, லங்காஷயர் பட்டினி கிடந்த நேரம். தென்மாநிலங்களின் துறைமுகங்களைத் திறக்கச் சொல்லிக் குரல் எழுப்பியிருந்தால் அவர்கள் அடுப்பு எரிந்திருக்கும். ஆனால் ஃப்ரீ டிரேட் ஹாலில் கூடி, அடிமை முறைக்கு எதிராக லிங்கனை ஆதரித்துத் தீர்மானம் போட்டார்கள். அடுத்த மாதமே லிங்கன் அவர்களுக்குப் பதில் கடிதம் எழுதினார்.

நம் பக்கத்திலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. 1908-ல் தூத்துக்குடியில் ஸ்காட்லாந்து முதலாளிகளான ஹார்வி குடும்பத்தின் கோரல் மில்லில், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணைநிற்க, தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு வாங்கினார்கள். சுதேசி இயக்கமும் கூலிப் போராட்டமும் அங்கே ஒன்றாக நடந்தன.

■ பெட்டிச் செய்தி 1: துணி நடந்த பாதை

• 1721: இங்கிலாந்தில் அச்சடித்த பருத்தித் துணி உடுத்தத் தடை
• 1896: இந்திய ஆலைத் துணிமீது 3.5 சதவீத உற்பத்தி வரி
• 1911: நியூயார்க் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலைத் தீ; 146 பேர் பலி
• 1918: சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடக்கம், பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் முன்நின்றனர்
• 1974: எந்த நாடு எவ்வளவு துணி, ஆடை ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பு கட்டிய பன்னாட்டு இழை ஒப்பந்தம்
• 2005 ஜனவரி 1: அந்த ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்தது
• 2013 ஏப்ரல் 24: ராணா பிளாசா இடிந்தது, 1,134 பேர் பலி

ஆலை போன பிறகு ஊர்

அமெரிக்காவின் வட கரோலினாவில் கன்னாபொலிஸ் என்ற ஊரே துண்டு நெய்யும் ஆலையைச் சுற்றி எழுந்தது. வீடும் ஆலைக்குச் சொந்தம். ஊர் நிர்வாகமும் நெடுங்காலம் ஆலையின் பிடியில். சங்கம் அமைக்கத் தொழிலாளர்கள் கால் நூற்றாண்டு போராடி, 1999-ல்தான் வாக்கெடுப்பில் வென்றார்கள். நான்கே ஆண்டுகள். 2003 ஜூலை 30 அன்று, அப்போது ஆலையை நடத்திவந்த பில்லோடெக்ஸ் நிறுவனம் மூடப்பட்டது. அந்த வட்டாரத்தில் மட்டும் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வேலையிழந்தார்கள். அங்கே நெய்த துண்டின் பெயரான ‘கேனன்’ மட்டும் கைமாறிப் பிழைத்தது. அந்தப் பெயரில் துண்டு வெளிநாட்டில் நெய்யப்பட்டு அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது.

1990-ல் அமெரிக்க ஆடைத் தொழிலில் ஒன்பது லட்சம் பேருக்குமேல் இருந்தார்கள். இன்று ஒரு லட்சத்தைத் தொடாத அளவுக்குச் சுருங்கிவிட்டது. வெளிநாட்டுப் போட்டியால் வேலை இழந்தவர்களுக்கென்று 1962 முதல் ஓர் உதவித் திட்டம் இருந்தது. அதையும் 2022 ஜூலையில் காலாவதியாக விட்டுவிட்டார்கள். ஆலை இருந்த இடத்தில் சேவைத் துறை வேலை வந்தது. அங்கே கூட்டாட்சி அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009-க்குப் பிறகு அது ஒரு சென்ட்கூட ஏறவில்லை. சட்டை மலிவானது உண்மைதான். அதை வாங்க வேண்டியவரின் கூலியும் சேர்ந்தே தேங்கிப்போனது.

பணக்கார நாட்டுக்குள்ளேயே ஏழை நாட்டுக் கூலி நுழைந்த ஊரும் உண்டு. இங்கிலாந்தின் லெஸ்டரில் தெற்காசிய வம்சாவளித் தொழிலாளர்கள் நிறைந்த சிறு தையல் கூடங்களில், குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8.72 பவுண்டாக இருந்தபோது 3.50 பவுண்டுதான் தரப்பட்டது என்று 2020-ல் செய்தி வெடித்தது. அங்கிருந்து ஆடை வாங்கிய பூஹூ நிறுவனமே நியமித்த வழக்கறிஞரின் அறிக்கை, மோசமான பணிச் சூழலும் குறைகூலியும் பெருமளவு உண்மை என்று ஒப்புக்கொண்டது. உலகின் பெரும் பணக்கார நாடுகளில் ஒன்றின் நடுவே, அந்நாட்டுச் சட்டத்தின் கண்முன்னே நடந்தது இது.

விரிசல் தெரிந்தும் உள்ளே அனுப்பினார்கள்

டாக்காவை ஒட்டிய சாவர். எட்டு மாடி ராணா பிளாசாவின் மேல்மாடிகள் அனுமதியின்றிக் கட்டப்பட்டவை. 2013 ஏப்ரல் 23 அன்று சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கிக் கிளை ஊழியர்களை அனுப்பிவிட்டது. மேலே ஐந்து ஆடைக் கம்பெனிகளின் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே வரச் சொன்னார்கள். வராவிட்டால் மாதச் சம்பளம் கிடையாது என்ற மிரட்டலுக்கு முன்னால், அன்றாடம் பாடுபட்டுச் சாப்பிடுகிறவர் என்ன செய்வார்? மின்சாரம் போனது, மாடியில் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின, கட்டடம் உட்கார்ந்தது. 1,134 பேர் மாண்டார்கள். சுமார் 2,500 பேர் காயத்தோடு பிழைத்தார்கள். கைகால் இழந்தவர்கள் பலர்.

அதற்கு ஐந்து மாதம் முன்னால்தான் வங்கதேசத்தின் தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலைத் தீயில், வெளியேறும் வழி அடைபட்டு, நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 1911-ல் நியூயார்க் டிரையாங்கிள் தீயிலும் கதவு பூட்டித்தான் இருந்தது. அங்கே செத்தவர்கள் பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடியேறிப் பெண்கள். இங்கே செத்தவர்கள் பெரும்பாலும் வங்கதேசத்துக் கிராமத்துப் பெண்கள். நியூயார்க்கில் அந்தத் தீக்குப் பிறகு தொழிற்சங்கமும் சட்டமும் சேர்ந்து கதவைத் திறக்க வைத்தன. அந்தச் சட்டம் எட்டாத இடத்துக்குத் தொழில் பெயர்ந்தபோது பூட்டும் கூடவே போனது.

தொழிற்சாலை சொந்தமாக இல்லாமலேயே பெரிய பிராண்டுகள் பல உலகத்துக்கு ஆடை விற்கின்றன. ஆர்டர் மட்டும் அவர்களுடையது. இந்த விலைக்கு முடியாது என்று டாக்கா சொன்னால் வியட்நாம். வியட்நாம் சொன்னால் கம்போடியா. எத்தியோப்பியாவின் ஹவாசாவில் 2016-ல் தொழிற்பூங்கா திறந்தபோது, தனியார் துறைக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே அங்கில்லை. அடிப்படைக் கூலி மாதம் 26 டாலர்தான். 2022 ஜனவரியில் உள்நாட்டுப் போரைக் காரணம் காட்டி அமெரிக்கா அந்நாட்டின் வரிச் சலுகையைப் பறித்தது. அதற்கு முன்பே பெரிய வாங்குநர் ஒருவர் இடத்தைக் காலிசெய்திருந்தார். முதலீட்டாளர் வந்ததும் போனதும் வேறு யாரோ எடுத்த முடிவு. கிராமத்திலிருந்து கிளம்பி வந்த பெண்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

2020 கொரோனாவின்போது இந்த உறவு எப்படிப்பட்டது என்று அப்பட்டமாகத் தெரிந்தது. வங்கதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஆர்டர்கள் ரத்தாயின அல்லது நிறுத்திவைக்கப்பட்டன. தைத்து முடித்த ஆடைக்கும் பணம் தர மறுத்தவர்கள் உண்டு. துணி வாங்கிய கடன் கம்பெனியின் தலையில். கம்பெனி மூடினால் பட்டினி தொழிலாளியின் தலையில்.

ஆடைத் தொழில் வங்கதேசப் பெண்களுக்குச் சொந்தமாகச் சம்பாதிக்கும் வழியைக் கொடுத்தது என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. சுமார் 40 லட்சம் பேரின் வேலை அது. நாட்டின் ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்கு. ஆனால் 2023-ல் அந்தப் பெண்கள் மாதம் 23,000 டாக்கா கேட்டுத் தெருவுக்கு வந்தபோது கிடைத்தது 12,500. கூடவே துப்பாக்கிச் சூடும் சாவும். வேலை கொடுத்தோம் என்று பெருமை பேசுகிறவர்கள் அந்தக் கூலியில் ஒரு குடும்பம் எப்படி நடக்கும் என்றும் சொல்ல வேண்டும்.

■ பெட்டிச் செய்தி 2: ஒரு சட்டையின் கணக்கு

• கடையில் விற்கும் விலையில் தையல் கூலியின் பங்கு பெரும்பாலும் 3 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. கூலியை இரட்டிப்பாக்கினாலும் சட்டை விலை சில சதவீதமே ஏறும்.
• அமெரிக்காவின் வழக்கமான இறக்குமதி வரி: செயற்கை இழை ஸ்வெட்டருக்கு 32 சதவீதம், பருத்திக்கு 16.5, விலை உயர்ந்த காஷ்மீர் கம்பளிக்கு 4. ஏழை உடுத்துவதற்கே கூடுதல் வரி.
• ஜாரா நிறுவனர் அமான்சியோ ஒர்டேகாவுக்கு 2025-ல் கிடைத்த பங்காதாயம் சுமார் 310 கோடி யூரோ. வங்கதேசக் குறைந்தபட்சக் கூலிப்படி 25 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்களின் ஓராண்டு வருமானத்துக்கு இது சமம்.

ஒன்றரை ஷிப்ட் ஊர்

திருப்பூரில் வாழ்க்கையை ஷிப்டில் அளக்கிறார்கள். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட்; பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை. ஒன்றரை ஓடினால்தான் வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஓடும். சனிக்கிழமைச் சம்பளம் வாங்கி மளிகைக் கடன் அடைக்கும் டெய்லர், கைமடி, செக்கிங், அயர்னிங் தொழிலாளர்கள், பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பவர் டேபிள்காரர்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலேறி வந்தவர்கள் என்று பல லட்சம் பேரின் உழைப்பில் ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதியாகிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு.

50 சதவீத வரி வந்ததும் நடந்ததைப் பார்த்தால் மொத்தச் சங்கிலியும் புரியும். வரியை அமெரிக்கத் துறைமுகத்தில் கட்டுவது அங்குள்ள இறக்குமதியாளர். அவர் திருப்பூர் ஏற்றுமதியாளரிடம் தள்ளுபடி கேட்கிறார். ஏற்றுமதியாளர் ஜாப் ஒர்க் செய்பவரின் ரேட்டைக் குறைக்கிறார். அவர் ஷிப்டைக் குறைக்கிறார். ஒன்றரை ஒன்றாகிறது; ஒன்று, வாரத்தில் நான்கு நாளாகிறது. அந்தப் பக்கம் அமெரிக்கக் கடையில் சட்டை விலை ஏறுகிறது. கன்னாபொலிஸ் ஆலையோ திரும்பி வரவில்லை. அது இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் ஆராய்ச்சி வளாகம் எழுந்து பல ஆண்டுகளாகின்றன. தைக்கிறவர், வாங்குகிறவர் இருவரும் இழந்தார்கள். மீட்டுத் தருவதாகச் சொன்ன வேலை யாருக்கும் கிடைக்கவில்லை.

வரி வருவதற்கு முன்பும் இந்த ஊர் மலிவு விலைக்குத் தன் உடம்பால் பணம் கட்டிக்கொண்டுதான் இருந்தது. சாயக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் அந்தக் கழிவு தேங்கி, தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே போராட வேண்டி வந்தது. 2011-ல் உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சுத்திகரிப்புக்கு ஆகும் செலவு இங்கே ஏறியது. வெளிநாட்டு வாங்குநர் தரும் விலை அதற்கேற்ப ஏறவில்லை. கொங்கு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளோ கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் என்று ஆசை காட்டி, தென்மாவட்டத்து ஏழைப் பெண்பிள்ளைகளை மூன்றாண்டு விடுதியில் அடைத்த ‘சுமங்கலி’ திட்டத்தில் ஓடின. முக்கால்வாசிக் காலத்தில் உடம்பு கெட்டு வீடு திரும்பியவர்கள் பலருக்கு அந்த மொத்தப் பணமும் கைக்கு வரவில்லை.

இதில் நம் முதலாளிகளின் பங்கையும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு வாங்குநர் அழுத்துகிறார் என்பது உண்மை. அந்த அழுத்தத்தை அப்படியே கீழே இறக்கிவிட்டு, நல்ல காலத்தில் கிடைத்த லாபத்தை மட்டும் மேலேயே வைத்துக்கொண்டதும் உண்மை.

கையெழுத்துப் போட வைத்தவர்கள்

இருநூறு ஆண்டுகளில் எந்த நாட்டிலும் கூலியோ பாதுகாப்போ தானாக வந்ததில்லை. 1984-ல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்றும் அந்த ஊரில் சங்கங்களோடு பேசிக் கூலி ஒப்பந்தம் போடும் வழக்கம் இருக்கிறதென்றால், அந்தப் பட்டினி நாட்கள்தான் அதற்கு அடித்தளம்.

ராணா பிளாசாவுக்குப் பிறகு மூன்றே வாரத்தில் புதுவகை ஒப்பந்தம் ஒன்று பிறந்தது. பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து கையெழுத்திட்ட வங்கதேசப் பாதுகாப்பு உடன்படிக்கை அது. அதுவரை பிராண்டுகள் தாங்களாகவே நல்லொழுக்க விதி எழுதி, தாங்களே ஆள் அமர்த்திச் சோதித்துக்கொண்டிருந்தன; இடிந்த கட்டடத்தில் இருந்த கம்பெனிகள் சிலவும் அந்தச் சோதனையில் தேறியவைதான். புதிய உடன்படிக்கையோ சட்டப்படி கட்டுப்படுத்தியது. 200-க்கும் மேற்பட்ட பிராண்டுகள், சுமார் 1,600 தொழிற்சாலைகள், 20 லட்சம் தொழிலாளர்கள் அதன் கீழ் வந்தார்கள். கதவுகளின் பூட்டு அகன்றது. தாங்காத தூண்கள் பலப்படுத்தப்பட்டன. பாதிக்கப்பட்டவர்களுக்கான 3 கோடி டாலர் நிதி திரள இரண்டு ஆண்டுகள் ஆனாலும், முழுத்தொகையும் திரட்டப்பட்டது. ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளுக்கு முன்னால் அந்தந்த நாட்டுத் தொழிற்சங்கத்தினரும் மாணவர்களும் மறியல் செய்யாமல் இருந்திருந்தால் இதில் பாதிகூட நடந்திருக்காது.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2021 ஜனவரியில் இளம் தலித் பெண் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டார். அவர் வேலை செய்த ஆடைத் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் கைதானார். பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. அந்தத் தொழிற்சாலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் நிறுவனமும் அதனிடம் ஆடை வாங்கிய எச் அண்டு எம் பிராண்டும் கையெழுத்திட்டன. கேப், பிவிஎச் பின்னால் சேர்ந்தன. ஆலைக்குள் பாலியல் தொல்லையைக் கண்காணிக்கத் தொழிலாளர்களுக்கே பயிற்சி, புகாரை விசாரிக்க ஆலைக்கு வெளியே சுதந்திரமான ஏற்பாடு, மீறினால் ஆர்டர் பாதிக்கும் என்ற கட்டாயம்: இந்த மூன்றும் சேர்ந்து ஆசியாவின் ஆடைத் தொழிலுக்கே அதை முன்மாதிரி ஆக்கின.

இந்த வெற்றிகளில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. தைக்கும் ஊரில் சங்கம் இருந்தது. விற்கும் ஊரில் தோள்கொடுக்க ஆள் இருந்தது. ஆர்டர் கொடுப்பவரின் கையெழுத்து காகிதத்தில் ஏறியது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஏமாற்றம்தான். பிரான்ஸ் 2017-லும், ஜெர்மனி 2023 முதலும் தங்கள் பெரிய நிறுவனங்களுக்கு வெளிநாட்டுச் சப்ளையர்களிடம் நடக்கும் மனித உரிமை மீறலுக்குப் பொறுப்பு உண்டு என்று சட்டம் கொண்டுவந்ததற்கும் இத்தகைய அழுத்தம் ஒரு காரணம். அந்தச் சட்டங்களைத் தளர்த்தச் சொல்லி நிறுவனங்கள் இன்று நெருக்குகின்றன. அவை காகிதமாக நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இரு பக்கத்துச் சங்கங்களுக்கும் இருக்கிறது.

இனி என்ன கேட்க வேண்டும்?

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இந்திய ஆடைக்கு பிரிட்டனில் இருந்த வரி நீங்க வழி பிறந்தது. ஒரு காலத்தில் நம் துணியைச் சட்டம் போட்டுத் தடுத்த நாட்டுக்கு நம் ஆடை வரியில்லாமல் போவது நல்ல செய்திதான். திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் அதை வரவேற்றது இயல்பு. வரி நீங்கும்போது மிஞ்சும் பணம் யாருக்குப் போகப்போகிறது என்பதுதான் கேள்வி. வாங்குநர் விலையைக் குறைத்துக் கேட்டால் அது லண்டன் பங்குதாரருக்குப் போகும். ஏற்றுமதியாளர் பேசாமல் வைத்துக்கொண்டால் இங்கேயே முடங்கும். பவர் டேபிள் வரை அது இறங்க வேண்டும் என்றால், கேட்பதற்கு ஆள் வேண்டும்.

வரிச் சுமை வந்தபோது அதில் தொழிலாளிக்குப் பங்கு கொடுத்தார்கள், ஷிப்டைக் குறைத்தார்கள். வரிச் சலுகை வரும்போதும் அதே கணக்கில் பங்கு கொடுப்பதுதான் நியாயம். திருப்பூரின் அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் வாங்குநர் தரும் விலைப் பட்டியலும் மேஜைக்கு வர வேண்டும். ஒரு பீஸுக்கு என்ன விலை தருகிறீர்கள், அதில் கூலி எவ்வளவு, நாளை ஆர்டரை ரத்து செய்தால் நஷ்டம் யாருடையது என்ற மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். இதே கேள்விகளைச் சாவரின் தொழிலாளியும் கேட்க வேண்டும். லெஸ்டரின் தொழிலாளியும் கேட்க வேண்டும். விலையைச் சொல்கிறவர் எல்லா ஊருக்கும் ஒருவரே. கேட்கிறவர்கள் மட்டும் ஏன் தனித்தனியாக நிற்க வேண்டும்?